பின்வேலி மூலையில் நின்ற செடி

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடிதமும் கடைத் துண்டும்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஒரு மாதத்தின் பெயரை எழுதிவிட்டு, அது கார்த்திகையா மார்கழியா என்று அரை மணித்தியாலம் பேனையைப் பிடித்தபடி இருப்பேன். ஆனாலும் அந்தப் பிள்ளை கேட்டுவிட்டாள். தான் கண்ட செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் செய்கிறாளாம். எங்கள் வளவில் நின்ற செடிக்கு மட்டும் என்னை எழுதச் சொன்னாள். அதைத் தினமும் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார். மிஞ்சியிருப்பது நான்தான்.

எங்கள் வீடு வடமராட்சிக் கரையில் இருக்கிறது. என்ரை மனுசன் வள்ளத்தில் தொழில் செய்தவர். முழங்கால் ஏலாமல் போனபிறகு வீட்டோடு இருந்தார். மகள் லண்டனில். மூன்று பக்கமும் பனையோலை வேலி நின்ற வளவு எங்களுடையது. வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையில் எல்லோரும் மதில் கட்டி முடித்துவிட்டார்கள். வேலி வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். அது மகளுக்குப் பெரிய குறை. மதில் கட்டக் காசு அனுப்பினாள். அடுத்த ஒழுங்கையில் இருக்கிற மேசனிடம் கதைத்து, ஆவணி மாதம் அத்திவாரம் வெட்ட நாளும் வைத்தாயிற்று.

அதற்கு முதல் கிழமைதான் அந்தப் பிள்ளை வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குப் பிள்ளை மாதிரி என்பதால் அப்படியே எழுதுகிறேன். பழைய ஸ்கூட்டி ஒன்றில், தலையில் தொப்பி, கழுத்தில் கமரா. பின் ஒழுங்கையில் நின்று எங்கள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காணி பார்க்க வந்த ஆள் என்று நினைத்து நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன். அறியாத ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். மனுசன்தான் போய்க் கேட்டார்.

“என்ன பிள்ளை பாக்கிறாய்?”

“ஐயா, உந்த மூலையிலை நிக்கிற செடியை ஒருக்காக் கிட்டப் பாக்கலாமோ?”

“எது, உந்தப் பத்தையோ? பாரன். அதுக்கு நாங்கள் ரிக்கற் வெட்டிறேல்லை.”

கிணற்றடி வாய்க்கால் முடிகிற இடத்தில், பின்வேலியின் மூலையில், சுண்ணாம்புக் கல் வெடித்த இடைவெளிக்குள் அது நின்றது. முழங்கால் உயரம். சின்ன, தடித்த இலை. இத்தனை வருடமும் நான் பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கேதான் ஓடியது. அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் நிலத்தில் முழந்தாளிட்டு இலையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் தீபகற்பம் முழுக்க நடந்து இரண்டு இடத்தில்தான் இதைக் கண்டாளாம். மற்ற இடத்தில் ரோட்டுப் போட வந்த மெசின் மண்ணோடு அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். தடி வெட்டி நட்டுப் பார்த்தாளாம், பிடிக்கவில்லையாம். வேர் கல்லுக்குள் போவதால் கிளப்பவும் ஏலாதாம்.

“அப்ப என்ன செய்யிறது?” என்று மனுசன் கேட்டார்.

“விதை எடுக்கவேணும் ஐயா. அதுவரைக்கும் இது நிக்கவேணும்.”

மதில் வரப்போகிறது என்று அவர் சொன்னார். அவளுடைய முகம் அப்படியே விழுந்துபோனது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருக்கிற ஒரு சங்கம் இவளுக்கு மாதச் சம்பளம் அனுப்பி வந்ததாம். அவர்களுக்கு வேறு வேலைத்திட்டம் வந்துவிட்டதால் அதை நிறுத்திவிட்டார்களாம். நல்லூரில் ஒரு ரியூசனில் படிப்பித்து, அந்தக் காசில் பெற்றோல் அடித்துத் திரிகிறாள். தாயும் அவளோடுதான் இருக்கிறார்.

அன்று இரவு மனுசன் சாப்பிட்டு எழும்பினார். கை கழுவும்போது சொன்னார்: “இஞ்சை பார், மதிலை விடுவம். அந்தக் காசை உந்தப் பிள்ளைக்கு மாசம் மாசம் குடுப்பம். விதை எடுக்கட்டும். மற்றச் செடியளையும் தேடட்டும்.”

நான் ஓம் என்றேன். எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. ஆனால் நான் முதலில் சொல்லியிருக்கமாட்டேன்.

மகளுக்குச் சொன்னபோது ஃபோனில் சத்தம் போட்டாள்.

“அம்மா, சனம் என்ன சொல்லும்? நான் மதிலுக்கு அனுப்பினால் நீங்கள் பத்தைக்குக் குடுக்கிறியளோ? அப்பாவுக்கு விசரோ?”

அவர் ஃபோனை வாங்கினார்.

“பிள்ளை, மதில் எப்பவும் கட்டலாம். நான் சின்னனிலை கடலிலை பிடிச்ச எத்தினையோ மீன் இப்ப கண்ணிலை காட்டவும் இல்லை. அது போகேக்கை போகுது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. உவ வந்து சொல்லுறா. கேளாமல் விடுறதோ?”

மகள் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மனத்தாங்கல் இருந்தது.

காசை வெறுங்கையில் நீட்ட எனக்கு ஒரு மாதிரி இருந்தது. காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் போட்ட பைக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். முதல் மாதம் அவள் திறந்து பார்க்காமல் அப்படியே தாயிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த நாள் ஃபோன் வந்தது. “அம்மா, உங்கடை ஒடியலுக்கை காசு விழுந்து கிடக்குதாம். என்ரை அம்மா பயந்துபோய் இருக்கிறா!” மனுசன் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு எல்லா மாதமும் ஒடியல் பையில்தான். அவளும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போவாள்.

ஊரில் அவளுக்குப் ‘பத்தை ரீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது மேசன்தான். மதில் வேலை கைவிட்டுப் போனதற்கு அவர் கோபிக்கவில்லை. ஆனால் பகிடி விடாமலும் இருக்கமாட்டார். “மாமி, பத்தை ரீச்சர் வந்தால் என்ரை வீட்டையும் வரச் சொல்லுங்கோ. அங்கை நல்ல பத்தை கிடக்கு, படம் எடுக்கட்டும்.” நல்ல மனிதர். எனக்கு ஒரு அவசரம் என்றால் முதலில் வருகிறவர் அவர்தான்.

முதல் வருடம் கார்த்திகையில் பூத்தது. வெள்ளைப் பூ, சின்ன விரல் நகத்தளவு. பின்னேரம் விரிந்து அடுத்த நாள் மதியத்துக்குள் வாடிவிடும். ஐந்து நாளோ ஆறு நாளோ பூத்தது. பிறகு பெரிய மழை வந்தது. எல்லாம் கொட்டிப்போய்விட்டது. ஒரு காயும் பிடிக்கவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, “அடுத்த முறை பாப்பம்” என்றாள். அடுத்த முறை என்றால் ஒரு வருடம்.

அந்த வருடம் முழுக்க அவர் அதற்குக் காவல் இருந்தார். ஆடு கடிக்காமல் பனைமட்டை நட்டார். வெய்யில் மாதத்தில் காலையில் ஒரு செம்புத் தண்ணீர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதைப் பார்த்து, நான் ஊற்றுகிறேனே என்றால், “நீ கூட ஊத்திப்போடுவாய்” என்பார். அந்தப் பிள்ளை மாதத்தில் இரண்டு தரம் வருவாள். தென்மராட்சியில் ஒரு குளத்தடியில் வேறு ஏதோ கொடியைக் கண்டதாகப் படம் காட்டுவாள். அவர் கண்ணாடியைப் போட்டு, மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தான் இருக்கு, ஆனால் எங்கடையைப் போல இல்லை” என்பார். எங்கடை என்றுதான் சொல்வார்.

இரண்டாவது கார்த்திகையில் அது பூத்தபோது அவள் ஐந்து பின்னேரம் தொடர்ந்து வந்தாள். மெல்லிய தூரிகையால் ஒரு பூவைத் தொட்டு மற்றப் பூவில் தடவினாள். தூறல் விழுந்தது. மனுசன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செடிக்குத்தான் குடை, அவர் நனைந்துகொண்டு நின்றார்.

“பிள்ளை, உனக்குத் தரகு தரவேணும். நீ கலியாணம் எல்லே செய்து வைக்கிறாய்!”

“சீதனம் கேக்காத பகுதி ஐயா. வில்லங்கமில்லை.”

நான் குசினி யன்னலால் பார்த்துச் சிரித்தேன்.

ஏழு காய் பிடித்தது. தை நடுவில்தான் முற்றும், முற்றினால் வெடித்து விதை சிதறிவிடும், அதற்கு முன் பை கட்டவேண்டும் என்று அவள் சொன்னாள். துணியில் கட்டினால் மழைக்கு அழுகும். அவர் தன்னுடைய பழைய வலையில் நெருக்கமான கண் உள்ள துண்டாகப் பார்த்து வெட்டி, ஊசி எடுத்து, ஏழு குட்டிப் பை முடிந்தார். ஒவ்வொரு காய்க்கும் ஒன்று. கட்டி முடித்துவிட்டு, “இனி ஒண்டும் தப்பேலாது” என்றார். காற்றோட்டம் வேண்டும் என்று அவள் சொன்னதால், பனைமட்டைகளையும் பிடுங்கி அடுக்கி வைத்தார். தினமும் காலையில் போய் எண்ணிவிட்டு வந்து எனக்குச் சொல்வார்: “ஏழும் நிக்குது.”

மார்கழிக் கடைசியில் ஒரு காலை நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவர் எழும்பவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தது. அன்றைக்கு ஏழும் நிற்கிறதா என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்த வீடு என்றால் ஒருவரையும் கூப்பிடவேண்டியதில்லை. அழுகைச் சத்தம் கேட்டதும் பெண்கள் உள்ளே வருவார்கள். ஆண்கள் மண்வெட்டியோடும் கத்தியோடும் வளவுக்குள் இறங்குவார்கள். புல்லுச் செருக்கி, குப்பை கூட்டி, பந்தல் போட்டு, மத்தியானத்துக்குள் வளவு கோயில் வீதிபோல ஆகிவிடும். வீட்டுக்காரர் ஒரு வேலையும் சொல்லக்கூடாது, சொல்லவும் தேவையில்லை. அதுதான் அயலின் மரியாதை. மகள் வந்துசேர இரண்டு நாள் ஆகும் என்பதால் பந்தலும் பெரிதாகப் போடவேண்டியிருந்தது. முன் ஒழுங்கை ஒடுக்கம். கதிரையும் தகரமும் கொண்டுவந்த லாண்ட்மாஸ்டர் உழவு வண்டி திரும்ப முடியவில்லை.

நான் அவருடைய தலைமாட்டில் இருந்தேன். பக்கத்தில் அவருடைய தங்கச்சி. சுற்றிவர ஊர்ப் பெண்கள். மேசன் வாசலில் வந்து குந்தினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மாமி, சாமான் இறக்கப் பின்வேலியைத்தான் பிரிக்கவேணும். அந்த மூலையை ஒருக்காச் செருக்கி விடட்டோ?”

எனக்கு விளங்கியது. நன்றாக விளங்கியது. அந்த மூலை என்றதும் ஏழு பையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டின மனுசன் முன்னால் கிடக்க, இவள் ஒரு பத்தைக்காகக் கதைக்கிறாள் என்று நினைப்பார்களே என்று வெட்கம் வந்துவிட்டது. வாயை மூடினேன். மேசன் காத்துக்கொண்டிருந்தார். தலையாட்டினேன்.

பிறகு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கல்லில் படும்போது ஒரு மாதிரி, மண்ணில் படும்போது ஒரு மாதிரி. கல்லில் பட்ட சத்தம் வந்தபோது நான் வீறிட்டு அழுதேன். அவருக்காக அழுகிறேன் என்று நினைத்து, மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்தா. அவருக்காகவும்தான்.

அந்தப் பிள்ளை தென்மராட்சியில் நின்றவள், செய்தி பிந்தித்தான் கிடைத்தது. எரித்த சாம்பல் அள்ளுகிற காடாத்து அன்று காலையில் வந்தாள். எனக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழும்பிப் பின்பக்கம் போனாள். நான் யன்னலால் பார்த்தேன். மூலை வெளியாகக் கிடந்தது. வேலிக்கு அப்பால் ஒழுங்கைக் கரையில் குப்பை கொளுத்திய சாம்பல். அவள் அதற்குள் குந்தியிருந்து கிண்டினாள். நைலோன் வலை உருகிக் கறுப்புக் கட்டியாகிக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, கல்லில் வைத்துத் தட்டி உடைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த காய் கரியாக இருந்தது. அவள் எத்தனை கட்டி எடுத்தாள் என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிறவர் அவர்.

மேசன் வந்து அவளுக்குப் பக்கத்தில் நிற்பதும், கையை விரித்து ஏதோ சொல்வதும் தெரிந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கடற்கரை ஊரில் எந்த வேலியில் பார்த்தாலும் வலைத் துண்டு தொங்கும். அவர் அதைக் குப்பை என்றுதான் நினைத்திருப்பார். பத்தை ரீச்சர் தேடுகிற பத்தை எது என்று அவருக்கு ஒருவரும் காட்டியதும் இல்லை. அவரில் பிழை சொல்ல ஏலாது.

அதற்குப் பிறகு அவள் மூன்று மாதம் வரவில்லை. பெற்றோல் கரைச்சல் என்று ஃபோனில் சொன்னாள். நான் மாதா மாதம் ஒடியல் பையைக் கட்டி அலுமாரியில் வைத்தேன். மூன்று பை சேர்ந்தது. நாலாம் மாதம் வந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு போனாள். தேத்தண்ணி குடித்தாள். மூலைப் பக்கம் திரும்பவே இல்லை.

இதற்கிடையில் மகள் லண்டனுக்குத் திரும்புமுன் வேறு காசு கொடுத்து மதில் வேலையைத் தொடக்கிவிட்டாள். வேலிதான் பிரித்தாயிற்றே. அப்பா இல்லாத வீட்டில் அம்மா தனிய வேலியோடு இருக்க ஏலாது என்றாள். நான் மறுக்கவில்லை. மேசன் மூன்று பக்கமும் கட்டிக்கொண்டு வந்தார். பின்மூலைக்கு வந்தபோது நிறுத்திவிட்டார். கை விரித்த நீளத்தில் இரண்டு பாகம் அளவு வெறுமையாக விட்டு, அந்த இடத்துக்குப் பழைய பனைமட்டையால் வேலி வரிந்தார்.

“என்ன தம்பி, ஓலை வேலியும் மதிலும் கலந்து கட்டிறியள்?” என்று கேட்டேன்.

“கல்லுக்கை வேர் இருக்கும் மாமி. அத்திவாரம் வெட்டினால் அதுவும் போயிடும். இருக்கட்டும். தளிர்த்தால் தளிர்க்கட்டும்.” பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் நீங்கள்.”

மகள் வீடியோவில் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, மேசன் சீமெந்து ஏமாற்றிவிட்டார் என்று பேசினாள். இல்லை, நான்தான் விடச் சொன்னேன் என்று பொய் சொன்னேன். அது ஒன்றுதான் நான் துணிந்து சொன்னது.

ஆட்டைத் திவசத்துக்கு அந்தப் பிள்ளை வந்தாள். படையல் முடிந்து எல்லோரும் போனபிறகு, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றாள். ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“பிள்ளை, மேசன் என்னட்டைக் கேட்டுப்போட்டுத்தான் வெட்டினவர். நான்தான் தலையாட்டினனான்.”

அவள் தண்ணீரை உதறினாள். “தெரியும் அம்மா.”

“எப்பிடி?”

“காடாத்து அண்டைக்கே அவர் சொன்னவர். மாமியைக் கேட்டனான், மாமி ஓம் எண்டவ எண்டு. அழுதவர்.”

“பிறகேன் பிள்ளை நீ என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?”

“கேக்க எண்டுதான் உள்ளை வந்தனான். உங்கடை முகத்தைப் பாத்திட்டு விட்டிட்டன்.” வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். “மூண்டு மாசம் நான் வரேல்லை எல்லோ? அது பெற்றோல் இல்லாமல் இல்லை அம்மா. கோவத்திலைதான். ஐயா கட்டின பை ஏழையும் நினைச்சு நினைச்சுக் கோவம்.”

“இப்பவும் கோவமோ?”

“கொஞ்சம் இருக்கு,” என்றாள். பிறகு, “தேத்தண்ணி இருக்கோ?” என்று கேட்டாள். நான் போய் ஊற்றினேன். சீனி போட மறந்துவிட்டேன். அவள் அப்படியே குடித்தாள்.

இந்த மழைக்கு அந்தக் கல் வெடிப்புக்குள் இரண்டு பச்சை முனை வந்தது. நான் ஒருவருக்கும் சொல்லாமல் நாலு நாள் பார்த்தேன். அவர் செய்ததுபோலக் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். கூடவும் ஊற்றவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்கு ஃபோன் எடுத்தேன். அடுத்த நாளே வந்துவிட்டாள். முழந்தாளிட்டு, இலையைப் புரட்டிப் பார்த்தாள். எழும்பும்போது என்னைப் பார்க்கவில்லை.

“இது வேறை அம்மா. எல்லா இடமும் வாற பூண்டு.”

பிடுங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நிற்கட்டும் என்றேன். இந்த முறை வாய் திறந்து சொன்னேன்.

அவளுக்கு ஒடியல் பை இன்னமும் போகிறது. மற்றச் செடிகளைத் தேடித் திரிகிறாள். எங்கடையை வேறு எங்கேயும் காணவில்லை.

இதை அச்சடிக்க முன் யாராவது சரி பார்க்கவேண்டும். அவளிடம் நீலமட்டைக் கொப்பி ஒன்று இருக்கிறது. பூத்த நாட்களையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறாள். அதோடு ஒத்துப் பாருங்கள். முதல் வருடம் பூத்தது ஐந்து நாளா ஆறு நாளா என்று எனக்கு நிச்சயமில்லை. பூ வெள்ளை என்று எழுதிவிட்டேன். அவர் அப்படிச் சொல்லமாட்டார், சங்கின் உள்பக்கத்து நிறம் என்பார். என் கண் மங்கல். அவர் சொன்னதே சரியாக இருக்கும். காய் ஏழு என்பதை மட்டும் மாற்றவேண்டாம். அது எனக்குத் தெரியும்.